கிளம்பாத வண்டியும் எலுமிச்சம்பழமும்

மோட்டார் வண்டி என்பது மனிதன் செய்த சாமான். இரும்பும், செம்பும், ரப்பரும், எண்ணெயும், மின்சாரமும் சேர்ந்த அந்தச் சாமான் ஒரு நாள் ஓடாமல் நின்றுவிட்டால், நின்றதற்குக் காரணம் அந்தச் சாமானுக்குள் இருக்கவேண்டுமே ஒழிய, எதிரே வந்தவன் கண்ணிலோ, குறுக்கே போன பூனையிலோ, புறப்பட்ட நாழிகையிலோ இருக்க முடியாது. இதைச் சொல்ல ஒரு பத்திரிகை வேண்டுமா என்று வாசகர்கள் கேட்கலாம். வேண்டாம் என்றிருந்தால் நமக்கும் சந்தோஷமே. ஆனால் வண்டி கிளம்பவில்லை என்றதும் மூடியைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே “எவன் கண் பட்டதோ” என்று வாயைத் திறக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழிந்தபாடில்லை. படித்தவரும் சொல்லுகிறார், படிக்காதவரும் சொல்லுகிறார். ஐந்து லட்சம் ரூபாய் கொடுத்து வண்டி வாங்குகிறவர் ஐந்து ரூபாய் எலுமிச்சம்பழத்தை நம்பி அதை ஓட்டுகிறார்.

இந்த விஷயத்தைப் பேசுவதற்குத் தனுஷ்கோடியைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை என்பது நமது அபிப்பிராயமாகும். ஏனென்று சொல்லுகிறோம்.

1914-ம் வருஷத்தில் பாம்பன் கடல் மேல் ரயில் பாலம் திறக்கப்பட்டது. அதன் பிறகு சென்னையிலிருந்து புறப்படும் போட் மெயில் தனுஷ்கோடி வரை வந்து, அங்கிருந்து பிரயாணிகள் கப்பலேறித் தலைமன்னாருக்குப் போனார்கள். 1964-ம் வருஷம் டிசம்பர் 22-ந் தேதி இரவு அடித்த புயலில் அந்த ஊர் அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோயிற்று. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களில் எவரும் கரை சேரவில்லை. வாழத் தகுதியற்ற இடம் என்று சர்க்கார் அந்த ஊரைக் கைவிட்டது. மீன் பிடிக்கும் குடும்பங்கள் மட்டும் ஓலைக் குடிசைகளில் அங்கேயே தங்கின. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கே போவதற்கு முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலிலும் கடல் நீரிலும் உருண்டு போகும் பழைய ஜீப்பும் வேனுமே கதியாக இருந்தன. 2017-ம் வருஷம் ஜூலை மாதத்தில்தான் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் தார்ச் சாலை திறக்கப்பட்டது.

ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பாக்கு நீரிணை, நடுவில் ஒரு சாலை. அந்தச் சாலையில் வண்டி நின்றுவிட்டால் ஒதுங்க மரநிழல் கிடையாது. நோயாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு இராமேசுவரம் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய வண்டி அங்கே கிளம்ப மறுத்தால், அது உயிர்ச் சங்கதி. இப்படிப்பட்ட இடத்தில் திருஷ்டி கழித்துக்கொண்டு அரை மணி நேரத்தை வீணாக்குவது எவ்வளவு பெரிய குற்றம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

அன்றியும், வண்டி கிளம்பாமற் போவதற்கு உண்மையான காரணம் அந்த ஊரில் காற்றிலேயே இருக்கிறது. கடற்காற்றில் வரும் உப்பு, வண்டியின் ஒவ்வொரு மூட்டிலும் படிகிறது. உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்து வைக்கும். உப்பு ஈரத்தில் மின்சாரம் எளிதில் பாயும். இரண்டு வேறு உலோகங்கள் அந்த ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால், அவற்றில் ஒன்று மற்றொன்றுக்காகக் கரைந்து அழியும். இதைப் பார்ப்பதற்கென்றே காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார் மண்டபத்தில் சோதனைக் களம் வைத்து, உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் நிறுத்தி, எது எவ்வளவு அரிக்கிறது என்று அளந்து வருகிறார்கள். அந்த நிலையம் தோன்றுவதற்கு வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்தார். அவர் கொடுத்த பணத்தில் எத்தனையோ கோவில்களுக்குக் கும்பாபிஷேகம் செய்திருக்கலாம். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்று கண்டுபிடிக்கக் கொடுத்தார். அவருக்கு நாடு கடமைப்பட்டிருக்கிறது.

நிற்க. சில மாதங்களுக்கு முன் நாம் தோழர்கள் சிலருடன் அங்கே போயிருந்தபோது கண்ட ஒரு சங்கதியைச் சொல்லுகிறோம். இடிந்து நிற்கும் மாதா கோவிலுக்கு எதிரில் ஒரு வேன் கிளம்பாமல் நின்றது. உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர். ஓட்டுநர் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம்; அவ்வளவுதான். ஹாரனை அடித்துப் பார்த்தார், சத்தம் வந்தது. விளக்கைப் போட்டுப் பார்த்தார், எரிந்தது. “லைட்டு எரியுது, ஹாரன் அடிக்குது, பேட்டரி நல்லாத்தான் இருக்கு; வேற என்னமோ நடந்திருக்கு” என்றார். அந்த ‘வேற என்னமோ’ என்ற வார்த்தைக்காகவே காத்திருந்தவர்போல் வண்டியிலிருந்த பெரியவர் ஒருவர் இறங்கி, புறப்படும்போதே இராகுகாலம் என்று தாம் சொன்னதை எல்லோருக்கும் நினைவூட்டினார். முன்பக்கம் கட்டியிருந்த எலுமிச்சம்பழம் வாடிவிட்டது என்று புதுப் பழம் தேடினார்கள். கற்பூரம் தேடினார்கள். கால் மணி நேரம் இப்படிப் போயிற்று.

அப்போது படகு வேலை முடித்து வந்த மீனவத் தோழர் ஒருவர் நின்று பார்த்தார். “அண்ணே, லைட்டைப் போட்டுக்கிட்டே செல்ஃப் அடிங்க” என்றார். சாவி திரும்பியதும் எரிந்துகொண்டிருந்த விளக்கு அணைந்துபோயிற்று. “பேட்டரி காலியா இருக்கணும், இல்லாட்டி டெர்மினல் அடைச்சிருக்கணும். காசு செலவில்லாததை முதல்ல பாப்போம்” என்று சொல்லி மூடியைத் திறந்தார். பேட்டரியின் முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூப் பூத்திருந்தது. சாவியை எடுக்கச் சொல்லி, இரண்டு முனைகளையும் கழற்றி, கத்தியால் சுரண்டி, டீ விற்கிறவரிடம் வெந்நீர் வாங்கி ஊற்றித் துடைத்து, மறுபடி இறுக்கினார். வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பிற்று. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

இனிமேல்தான் வேடிக்கை. “நான் மனசுக்குள்ள நேர்ந்துக்கிட்டேன், அதான் கிளம்பிருச்சு” என்றார் அந்தப் பெரியவர். வண்டியிலிருந்தவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். இதில் நாம் கேட்பது ஒன்றுதான். பழம் காலையிலிருந்து கட்டித்தான் இருந்தது. அப்போது ஏன் நின்றது? கால் மணி நேரம் வேண்டிக்கொண்டபோது ஏன் கிளம்பவில்லை? சுரண்டித் துடைத்த பிறகு ஏன் கிளம்பிற்று? வேண்டுதல் மட்டும் இருந்தபோது நடக்காதது, வேண்டுதலோடு சுரண்டலும் சேர்ந்தபோது நடந்தது என்றால், நடத்தி வைத்தது எது என்று சிறு பையனும் சொல்லுவானே!

ஓட்டுநரின் கேள்வி மட்டும் நியாயமானது. விளக்கு எரிகிறது, ஹாரன் ஒலிக்கிறது. வண்டி மட்டும் ஏன் கிளம்பவில்லை? அநேகரைத் திருஷ்டியின் பக்கம் தள்ளிவிடுவது இந்தப் புரியாமைதான். ஆகவே அதைக் கணக்காகவே சொல்லிவிடுவோம்.

நல்ல பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்கும். முன் விளக்கு இரண்டுக்கும் சேர்த்துச் சுமார் 10 ஆம்பியர் மின்சாரம் போதும். செல்ஃப் மோட்டார் என்ஜினைச் சுற்றுவதற்கு 150 ஆம்பியர், பெரிய டீசல் வண்டியானால் அதற்கும் மேல் வேண்டும். இப்போது பேட்டரி முனையில் பூத்த பூவானது, ஓர் ஓமில் இருபதில் ஒரு பங்குத் தடையை உண்டாக்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விளக்குக்குப் போகும் 10 ஆம்பியர் அந்தத் தடையில் இழப்பது அரை வோல்ட்டுதான். விளக்கு நன்றாகவே எரியும். 150 ஆம்பியர் போக முயன்றாலோ ஏழரை வோல்ட்டு அங்கேயே செலவாகிவிடும். மீதி ஐந்து வோல்ட்டை வைத்துக்கொண்டு செல்ஃப் என்ன செய்யும்? ‘டக்’ என்று சொல்லிவிட்டு நிற்கும். ஒருவர் நுழையக்கூடிய சந்தில் ஒருவர் போகலாம், ஊர்வலம் போக முடியாது. இதிலே பேய்க்கும் பிசாசுக்கும் வேலை என்ன?

எலுமிச்சம்பழத்துக்கும் நாம் நியாயம் வழங்கிவிடுவோம். அந்தப் பழத்தில் மின்சாரம் இல்லவே இல்லை என்று நாம் சொல்லவில்லை. அதில் ஒரு செம்புக் கம்பியையும் ஒரு துத்தநாக ஆணியையும் குத்தினால் ஏறத்தாழ ஒரு வோல்ட்டுக் கிடைக்கும். ஆனால் மின்சாரமோ ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும். அந்தக் கணக்குப்படி ஒரு வேனின் செல்ஃபைச் சுற்ற 13 பழங்கள் கொண்ட வரிசைகள் ஒன்றரை லட்சம் வேண்டும்; அதாவது ஏறக்குறைய இருபது லட்சம் பழங்கள். ஒரே பழத்தை, அதுவும் ஆணிகூடக் குத்தாமல், சக்கரத்தின் கீழ் வைத்து நசுக்கினால் என்ன கிடைக்கும்? பழம்தான் வீண்.

கற்பூரமோ வீண் மட்டுமல்ல, ஆபத்து. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் என்னும் வாயு வெளிவரும். நெருப்புப் பட்டால் வெடிக்கும். உள்ளே இருப்பது கந்தகத் திராவகம். கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பேட்டரிக்கு அருகில் கற்பூரம் காட்டுகிறவர், திருஷ்டியைப் போக்கப்போய்த் தன் திருஷ்டியையே போக்கிக்கொள்ளக்கூடும்.

ஆனால் என்ன செய்யவேண்டும் என்று கேட்பீர்களானால், சாவியைத் திருப்பியதும் வண்டி சொல்லுகிற பதிலைக் காது கொடுத்துக் கேட்கவேண்டும். பதில்கள் ஐந்து வகை.

முதலாவது, விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை என்றால், பேட்டரி முனை கழன்றிருக்கும், அல்லது பெரிய ஃபியூஸ் போயிருக்கும், அல்லது பேட்டரி அடியோடு தீர்ந்திருக்கும்.

இரண்டாவது, ‘டக்’ அல்லது ‘டக டக’ என்று சத்தம் வந்து விளக்கு மங்கினால், பேட்டரி பலவீனம், அல்லது முனையில் அடைப்பு. மீட்டர் இருந்தால் பேட்டரியில் வைத்துப் பாருங்கள். 12.6 என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறையக் காலி. பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் குமிழிலும், மற்றொன்றை அதன் மேல் மாட்டிய பிடியிலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். தொட்டுக்கொண்டிருக்கும் அந்த இரண்டுக்கும் நடுவே மீட்டர் அரை வோல்ட்டுக் காட்டினால், திருடன் அங்கே ஒளிந்திருக்கிறான் என்று அர்த்தம்.

மூன்றாவது, விளக்கு சற்றும் மங்காமல் செல்ஃபும் சுற்றாமல் இருந்தால், மின்சாரம் செல்ஃபுக்குப் போய்ச் சேரவில்லை. சாவி சுவிட்ச், ரிலே, செல்ஃபின் மேலுள்ள சுவிட்ச் இவைகளைப் பார்க்கவேண்டும். என்ஜினை உடம்போடு இணைக்கும் எர்த்து வயரையும் பார்க்கவேண்டும். என்ஜின் ரப்பரின் மேல் உட்கார்ந்திருப்பதால் அந்த வயர்தான் அதற்கு வழி. கடற்கரை வண்டிகளில் உப்பு முதலில் தின்பதும் அதைத்தான்.

நான்காவது, செல்ஃப் மட்டும் ‘விர்’ என்று சுற்றி என்ஜின் சுற்றாவிட்டால், செல்ஃபின் பல்சக்கரம் கவ்வவில்லை.

ஐந்தாவது, என்ஜின் நன்றாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லை என்றால், எண்ணெயோ, நெருப்போ, காற்றோ இல்லை. பெட்ரோல் வண்டியானால் பொறி வருகிறதா, பெட்ரோல் வருகிறதா என்று பாருங்கள். டீசல் வண்டியில் பொறியே கிடையாது. காற்றை அழுத்தும் சூட்டிலேயே எண்ணெய் பற்றுகிறது. ஆகவே குழாயில் ஏர் பிடித்திருக்கிறதா, ஃபில்டரில் தண்ணீர் நிற்கிறதா, காற்று வடிகட்டியை மணல் அடைத்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். புதுக் கார்களில் சாவியின் அடையாளத்தை வண்டி அறியாவிட்டாலும் என்ஜின் பற்றாது. அதற்கென்று ஒரு சிறு விளக்கு எதிரிலேயே மின்னும்.

முனைகளைச் சுத்தம் செய்கிறவர்கள் சாவியை எடுத்துவிட்டு, மைனஸ் முனையை முதலில் கழற்றிக் கடைசியில் மாட்டவேண்டும். வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றினால் திராவகப் பூ நுரைத்துக் கரையும். உலர்த்தி இறுக்கிய பிறகு வாஸலின் தடவி வைத்தால் உப்பு அண்டாது. இவ்வளவுக்கும் ஆகும் செலவு ஒரு பூசணிக்காயின் விலைகூட இராது.

இதுவரை நாம் சொன்னதைக் கேட்டு, மூடநம்பிக்கை பழத்திலும் பூசணிக்காயிலும் மட்டும் இருப்பதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். வண்டி கிளம்பவில்லை என்றதும், ஒன்றையும் அளந்து பாராமல், “பேட்டரியை மாத்துங்க” என்றும், அதற்கும் கிளம்பாவிட்டால் “செல்ஃபை மாத்துங்க” என்றும், அதற்கும் கிளம்பாவிட்டால் “ஒயரிங் மொத்தமும் போச்சு” என்றும் சொல்லும் பட்டறைக்காரர்களும் உண்டு. இவர்களுக்கும் பரிகாரம் சொல்லும் ஜோசியருக்கும் என்ன வித்தியாசம்? இருவரும் காரணத்தைத் தேடுவதில்லை. பணத்தை மட்டும் தேடுகிறார்கள். முனையைச் சுரண்டினால் தீர்ந்துபோகிற கோளாறுக்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்த ஏழை ஓட்டுநர்களை நாம் கண்டிருக்கிறோம். கையில் ஸ்பானர் இருப்பதனாலேயே ஒருவன் பகுத்தறிவாளன் ஆகிவிட மாட்டான். “ஏன் என்று காட்டு, அளந்து காட்டு” என்று கேட்கும் வாடிக்கைக்காரன் இல்லாத இடத்தில் மந்திரவாதிதான் வளருவான். அவன் விபூதி பூசியிருந்தாலென்ன, கிரீஸ் பூசியிருந்தாலென்ன!

இதெல்லாம் படித்த இஞ்சினீயர்களுக்கு, நமக்கு எப்படி வரும் என்று சிலர் பின்வாங்கலாம். பெண்களுக்கு இது வராது என்றும் சிலர் சொல்லுவார்கள். உலகத்தில் முதல் நீண்ட மோட்டார் பிரயாணத்தைச் செய்தவர் ஒரு பெண் என்பது இவர்களுக்குத் தெரியாது போலும். ஜெர்மனியில் 1888-ம் வருஷம் பெர்த்தா பென்ஸ் என்னும் அம்மையார், கணவரிடம் சொல்லாமலே, அவர் செய்த வண்டியில் இரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்து தாயார் வீட்டுக்குப் போனார். வழியில் எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியால் குத்தி அடைப்பை எடுத்தார். மின்சார வயர் உரசிற்று. காலுறைக் கட்டும் நாடாவைச் சுற்றி அதைச் சரி செய்தார். அந்த அம்மையார் அடைப்பு எங்கே என்று தேடினார். யார் கண் பட்டது என்று தேடவில்லை. நமது நாட்டிலோ, பள்ளிப்படிப்பு அதிகமில்லாத கோயமுத்தூர் ஜி.டி. நாயுடு அவர்கள் 1920-ம் வருஷத்தில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு மோட்டார் பஸ்ஸை ஓட்டத் தொடங்கி, பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான பஸ்களை நடத்தினார். யந்திரத்தைக் கழற்றிப் பார்த்துத் தாமே கற்றுக்கொண்டவர் அவர். யந்திரம் ஜாதி கேட்பதில்லை, பட்டம் கேட்பதில்லை, ஆணா பெண்ணா என்றும் கேட்பதில்லை. சரியான கேள்வியைச் சரியான வரிசையில் கேட்கிறவர் எவரானாலும் அவருக்குப் பதில் சொல்லுகிறது.

தனுஷ்கோடியில் அன்று வண்டியைக் கிளப்பிவிட்ட மீனவத் தோழருக்குக் கிடைத்தது என்ன? வண்டியிலிருந்து ஒருவர் “சரிப்பா, வர்றோம்” என்றார். நேர்ந்துகொண்ட காணிக்கை உண்டியலுக்குப் போயிற்று. வண்டியின் வயிற்றுக்குக் கீழே படுத்து, கையைச் சுட்டுக்கொண்டு, அறிவைச் செலவிட்டு வேலை செய்கிறவனை ‘டேய்’ என்கிறோம். தட்டை ஏந்தி நிற்கிறவரைச் ‘சாமி’ என்கிறோம். இந்த மரியாதைக் கணக்கு மாறாதவரை நமது பிள்ளைகள் டெர்மினலைத் திறந்து பார்க்க ஆசைப்படமாட்டார்கள்; தட்டேந்தத்தான் ஆசைப்படுவார்கள்.

ஆகவே நாம் வேண்டுவது இதுவே. கடற்கரை ஊர்களில் வாடகை வண்டி ஓட்டுகிற ஒவ்வொரு தோழரும் ஒரு சிறு மீட்டரும், ஒரு ஸ்பானரும், ஒரு பொட்டலம் சோடாவும் வண்டியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஓட்டுநர் சங்கங்கள் மாதம் ஒரு நாள் கூடி, தெரிந்தவர் தெரியாதவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடங்களில் மின்சாரப் பாடத்தைக் கரும்பலகையில் மட்டும் எழுதிப் போடாமல், பிள்ளைகளை, பெண் பிள்ளைகளையும் சேர்த்து, ஒரு பழைய பேட்டரிக்கு முன்னால் நிறுத்த வேண்டும். ஆயுத பூஜை என்று வருஷத்தில் ஒரு நாள் வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் பூசுகிறீர்களே, அந்த நாளிலாவது மூடியைத் திறந்து முனைகளைச் சுரண்டுங்கள். எர்த்து வயரைப் பாருங்கள். ஃபில்டரில் நிற்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். ஆயுதத்துக்குச் செய்யவேண்டிய மரியாதை அதுதான்.

தோழர்களே! அடுத்த முறை உங்கள் வண்டி கிளம்பாவிட்டால், யார் கண் பட்டது என்று கேட்காதீர்கள். உங்கள் கண் எத்தனை நாளாக அந்த டெர்மினலின் மேல் படவில்லை என்று கேளுங்கள்.